ஆறுமுகம் கொண்ட உப்பு

புத்தளத்திலிருந்து கொழும்புப் பக்கம் போகும் வீதியில் பாலாவியை நெருங்கும்போது, சதுரம் சதுரமாகக் கட்டிய உப்புப் பாத்திகள் கண்ணில் படத் தொடங்கும். ஓர் ஆகஸ்ட் மாதத்து நண்பகலில் அந்த வரம்பொன்றில் குந்தியிருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று விழுந்துவிட்டிருந்தது. தண்ணீரின் மேல் கண்ணாடிச் சில்லுகள் போல ஏதோ மிதந்தன. எடுத்துப் பார்க்கக் கையை நீட்டினேன். பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "தண்ணியக் கலக்காதீங்க தம்பி, தாண்டு போயிடும்" என்றார்.

அவர் சொன்னபடியே முதல் சில்லு என் விரல் பட்ட அலையில் தாண்டு போயிற்று. இரண்டாவதை உள்ளங்கையைக் கீழே கொடுத்து மெல்லத் தூக்கினேன். நகத்தில் பாதியளவு கூட இல்லை. மேலே சதுரமான வாய். வாயிலிருந்து நான்கு பக்கமும் படிகள் உள்நோக்கி இறங்குகின்றன. ஒவ்வொரு படியும் ஒரு சதுரம், முன்னதைவிடச் சிறியது. அடியில் ஊசிமுனை அளவில் ஒரு சிறு சதுரத் தரை. ஒரு கோயில் கேணியை நகத்தளவுக்குச் சுருக்கிக் கையில் வைத்தது போல இருந்தது. இதைச் செய்த உளியும் இல்லை, தச்சனும் இல்லை. வெயிலும் உப்புத்தண்ணீரும்தான்.

இந்த அத்தியாயம் ஒரு சொல்லைப் பற்றியது. பன்முகி. பல முகங்களால் மூடப்பட்ட திண்மம் பன்முகி என்று பாடசாலையில் படித்திருப்பீர்கள். அந்த வரைவிலக்கணத்தைக் கேட்டால் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை என்றே தோன்றும். ஆனால் என் உள்ளங்கையில் இருந்த அந்தச் சிறு கேணி பன்முகிதானா என்ற கேள்விக்கு விடை சொல்ல, ஐரோப்பாவின் பெரிய கணித மூளைகள் நூறாண்டுக்கு மேல் வாதாட வேண்டியிருந்தது. அந்த வாதத்தைக் கிளப்பியதில் படிகங்களுக்கும் பங்குண்டு.

முதலில் சொல்லையே பார்ப்போம். தமிழில் 'முகம்' என்ற சொல்லை ஒரு திண்மத்தின் பக்கத்துக்கு வைத்தது நமக்கு மிக இயல்பாக அமைந்துவிட்டது. ஆறுமுகம் என்ற பெயர் இல்லாத தமிழூர் இல்லை. பிரமனுக்கு நான்முகன் என்று பெயர். நான்கு முக்கோணங்களால் மூடப்பட்ட திண்மம் நான்முகி. விகுதி ஒன்றுதான் வேறு. ஆறுமுகனின் ஆறு முகங்களும் வெளியே, ஆறு திசையைப் பார்க்கின்றன. அப்படியே ஒரு பன்முகியின் ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு திசைக்குத் திரும்பியிருக்கிறது. எண்முகி, பன்னிருமுகி, இருபதுமுகி என்று எண்ணை மாற்றிக்கொண்டே போகலாம். யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

கிரேக்கர் வேறு விதமாக நினைத்தார்கள். நாம் பன்முகி என்பதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பொலியெட்ரோன்'. பொலி என்றால் பல. எட்ரா என்றால் இருக்கை, உட்காரும் இடம். இதே எட்ராதான் 'கதீட்ரல்' என்ற சொல்லுக்குள்ளும் இருக்கிறது. ஆயரின் இருக்கை வைக்கப்பட்டிருக்கும் கோயிலுக்கே அந்தப் பெயர். புத்தளம் மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள சிலாபம் 1939 முதல் ஒரு மறைமாவட்டத்தின் தலைமையிடம். அங்குள்ள கார்மேல் அன்னை பேராலயத்தைக் கதீட்ரல் என்று சொல்லும்போது, வடிவியலின் ஒரு பழைய சொல்லையும் சேர்த்தே சொல்கிறோம். கிரேக்கருக்குப் பன்முகி என்பது பல விதமாக உட்காரக்கூடிய பொருள். ஒரு முகத்தை அடியாக வைத்து இருத்து. பிறகு புரட்டி இன்னொன்றில் இருத்து.

இரண்டு பார்வைக்கும் வேறுபாடு உண்டு. தாயக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான அந்தப் பித்தளைக் கட்டைக்கு முகம் ஆறு. உருட்டினால் அது வந்து இருப்பது நான்கில்தான். இரண்டு முனைகளிலும் அது நிற்காது. முகத்தை எண்ணினால் ஆறு, இருக்கையை எண்ணினால் நான்கு. உப்புக் கேணியை எடுத்துக்கொண்டால் வேறுபாடு இன்னும் பெரிது. அதன் படிகள் எல்லாம் முகங்கள். ஆனால் குழிக்குள் இருக்கும் படியில் அதை எப்படி உட்கார வைப்பது? எனக்கு நம்முடைய சொல்லே மேலாகப் படுகிறது. குழிந்த வடிவங்களையும் தள்ளிவைக்காமல் ஏற்றுக்கொள்ளும் இடம் அதில் இருக்கிறது.

தமிழுக்குள்ளேயும் கரைக்குக் கரை பெயர் மாறும். ஆறு சதுரங்களால் ஆன திண்மத்தை இலங்கைப் பாடநூல் சதுரமுகி என்கிறது, தமிழ்நாட்டுப் பாடநூல் கனசதுரம் என்கிறது. இங்கே அரியம் என்பது அங்கே பட்டகம். கனசதுரம் என்ற பெயர் தடிப்பேறிய ஒரு சதுரத்தை நினைக்க வைக்கிறது. சதுரமுகி, 'இதன் முகங்கள் சதுரம்' என்று நேரே சொல்லிவிடுகிறது. மாணவனுக்கு எண்ண வேண்டியது எது என்பதைப் பெயரே காட்டிக்கொடுக்கும் சொல் சதுரமுகி. தமிழில் அறிவியல் சொற்களை ஒழுங்கு செய்ய 1936 இல் சென்னையில் சொல்லாக்க மாநாடு கூடியபோது அதற்குத் தலைமை தாங்கியவர் மட்டக்களப்பு மண்ணின் சுவாமி விபுலானந்தர். கடலின் இரு கரையும் சேர்ந்து சொல் செய்த காலம் அது.

உப்புக்கு வருவோம். உப்புத்தளம் என்ற பெயரே மருவிப் புத்தளம் ஆயிற்று என்பது ஊரார் சொல்லும் விளக்கம். புது அளம் என்று பிரிப்பவர்களும் உண்டு. எப்படிப் பிரித்தாலும் உப்பு உள்ளே இருக்கிறது. கண்டி இராச்சியத்துக்கு உப்பு போன வழிகளில் இந்தக் கரை முக்கியமானது. 1766 ஒப்பந்தத்தால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போன பின்னும், புத்தளம், சிலாபம் அளங்களில் உப்பெடுக்கும் உரிமையைக் கண்டியார் கேட்டு வைத்துக்கொண்டார்கள். மலைநாட்டு மன்னன் முத்தை விட்டுக் கொடுக்கலாம், உப்பை விட முடியாது.

இந்த இடம் உப்புக்கு வாய்த்ததற்குக் காரணம் உண்டு. புத்தளம் களப்பு வடக்கே மட்டும் கடலுக்குத் திறந்திருக்கிறது. மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். நடு ஆண்டில் வெயிலும் காற்றும் களப்பைக் குடிக்கும்போது, தென்கோடியில் தண்ணீர் கடலைவிடக் கரிக்கும். அந்தத் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வற்ற வைப்பதுதான் தொழில். கடல் நீரில் லீட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. அது பாதியாக வற்றும்போது சுண்ணாம்பு படியத் தொடங்கும். ஐந்தில் ஒரு பங்காகும் அளவில் ஜிப்சம் பாத்தியின் அடியில் ஓடு போலப் பிடிக்கும். அதன் படிகங்களைக் கையில் எடுத்தால் முகங்கள் சாய்வாகச் சந்திக்கின்றன; செங்கோணத்தைத் தேடினாலும் எளிதில் கிடைக்காது. பத்தில் ஒரு பங்காக வற்றி, உப்புத்தண்ணீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவுகோல் 25 பாகையை நெருங்கும்போதுதான் சாப்பாட்டு உப்பு விளைகிறது. தமிழில் உப்பை யாரும் தயாரிப்பதில்லை. உப்பு விளைகிறது, நெல்லைப் போல. நெல்லைப் போலவே மழை அதைக் கெடுக்கவும் செய்யும். பருவம் தவறிய மழையில் விளைச்சல் விழுந்து, 2025 இன் தொடக்கத்தில் சுற்றிவரக் கடல் உள்ள இந்த நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியது.

உப்பு ஏன் சதுரமுகியாக விளைகிறது? உப்பு என்பது சோடியமும் குளோரினும். தண்ணீரில் கரைந்திருக்கும்போது சோடியம் நேரேற்றத்தோடும் குளோரின் எதிரேற்றத்தோடும் தனித்தனியே அலைகின்றன. தண்ணீர் போதாமல் போகும்போது அவை ஒன்றை ஒன்று பிடித்து அடுக்காக உட்காருகின்றன. ஒவ்வொரு சோடியத்துக்கும் மேல், கீழ், இடம், வலம், முன், பின் என்று ஆறு பக்கமும் ஒவ்வொரு குளோரின். ஒவ்வொரு குளோரினுக்கும் அப்படியே ஆறு சோடியம். ஆறுமுகம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒரு மில்லிமீற்றர் நீளமான உப்புக்கல்லின் ஒரு விளிம்பில் ஏறத்தாழ 35 இலட்சம் அயனிகள் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசை பிசகாததால்தான் விளிம்பு நம் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

இதைக் கண்டு காட்டியவர்கள் வில்லியம் ஹென்றி பிராக், அவர் மகன் வில்லியம் லோரன்ஸ் பிராக். 1913 இல் எக்ஸ் கதிரை உப்புப் படிகத்தின் மேல் செலுத்தி உள்ளே உள்ள அடுக்கை அளந்தார்கள். 1915 இல் இருவருக்கும் நோபல் பரிசு. மகனுக்கு அப்போது வயது 25. அதற்குப் பிறகும் சிலருக்கு மனம் ஒப்பவில்லை. சதுரங்கப் பலகையில் காய் வைத்தது போல அணுக்கள் மாறி மாறி நிற்பதாகவும், ஒரு சோடியத்துக்கு இன்ன குளோரின்தான் சோடி என்று சொல்ல முடியாதென்றும் கேட்டபோது, ஹென்றி ஆம்ஸ்ட்ரோங் என்ற மூத்த இரசாயனவியலாளர் 1927 இல் 'நேச்சர்' இதழில் கடுமையாக எதிர்த்து எழுதினார். உப்பு தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

இப்போது மிதக்கும் கேணி. படிகத்தின் மூலையும் விளிம்பும் புதிய உப்புத்தண்ணீரை எளிதில் தொடுகின்றன. முகத்தின் நடுப்பகுதிக்கு வந்து சேரும் உப்பு குறைவு. ஆகவே வற்றல் வேகமாக நடக்கும் நாளில் விளிம்பு முந்தி வளர்கிறது, நடு பின்தங்கிப் பள்ளமாகிறது. மேற்பரப்பில் மிதக்கும் படிகத்துக்கு இன்னொன்றும் உண்டு. சிறு சதுரமுகி ஒன்று தண்ணீரின் தோலில் தொங்கி நிற்கிறது. அதன் மேல் முகம் காற்றில் காய்ந்திருக்கிறது. மேல் விளிம்பு மட்டும் தண்ணீரைத் தொடுவதால் அங்கே சுற்றிவர ஒரு வளையம் வளர்கிறது. பாரம் கூடிப் படிகம் சற்றுக் கீழிறங்க, அந்த வளையத்தின் விளிம்பில் இன்னும் பெரிய வளையம். இப்படிப் படிப்படியாக இறங்கி இறங்கிக் கேணி உருவாகிறது. யாராவது கலக்கினால் தண்ணீர் உள்ளே நிரம்பி, தாண்டு போகும். அந்த அம்மாவுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

படிகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்போது எண்ணுவோம். எண்ணும் முறையைத் தந்தவர் லெயோனார்ட் ஒயிலர். 1750 நவம்பரில் பெர்லினில் இருந்து தன் நண்பர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒரு தொடர்பைச் சொன்னார். ஒரு பன்முகியின் உச்சிகளை எண்ணு. அதிலிருந்து விளிம்புகளின் எண்ணிக்கையைக் கழி. முகங்களின் எண்ணிக்கையைக் கூட்டு. விடை எப்போதும் 2. சதுரமுகிக்கு உச்சி 8, விளிம்பு 12, முகம் 6. எட்டில் பன்னிரண்டைக் கழித்து ஆறைக் கூட்டினால் 2. நான்முகிக்கு 4, 6, 4, அதுவும் 2. இருபதுமுகிக்கு 12, 30, 20, மறுபடியும் 2.

ஒயிலர் செய்த இன்னொரு காரியம் இதைவிடக் குறைந்ததல்ல என்று நினைக்கிறேன். அவருக்கு முன் பன்முகிகளைப் பற்றி எழுதியவர்கள் முகத்தையும் மூலையையும் பேசினார்கள். இரண்டு முகங்கள் சந்திக்கும் கோட்டுக்கு அவர்களிடம் தனிப்பெயர் இல்லை. யூக்கிளிட் தன் நூலின் பதின்மூன்றாம் புத்தகத்தில் ஐந்து ஒழுங்கான திண்மங்களையும் கட்டிக் காட்டி, அவற்றின் கோடுகளைக் கோளத்தின் விட்டத்தோடு ஒப்பிட்டு அளந்தார். ஆனால் விளிம்பு என்ற ஒன்றை முகத்துக்கும் உச்சிக்கும் நிகராக எண்ண வேண்டிய பொருளாக அவர் வைக்கவில்லை. ஒயிலர் அதற்கு 'அசியெஸ்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் அது வாளின் கூருக்கு வழங்கும் சொல். பெயர் வைத்த பிறகுதான் எண்ண முடிந்தது. எண்ணிய பிறகுதான் இரண்டு என்ற விடை தெரிந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளாக எல்லோர் கையிலும் இருந்த சதுரமுகியில் அந்த விடை ஒளிந்திருந்தது. டேக்கார்ட் அதற்கு நெருக்கமான ஒன்றை முன்பே குறித்து வைத்திருந்தார். அந்தக் குறிப்பு 1860 அளவில்தான் வெளியே வந்தது.

'எப்போதும் 2' என்றார் ஒயிலர். நம் கேணியை எண்ணிப் பார்ப்போம். சிக்கலைக் குறைக்க, மேல் முகத்தின் நடுவே ஒரே ஒரு சதுரக் குழி மட்டும் உள்ள உப்புக்கல்லாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே 8 உச்சி, குழியில் 8 உச்சி, மொத்தம் 16. விளிம்பு 12 உம் 12 உம் 24. முகங்கள்: வெளியே ஆறு, அவற்றில் மேலுள்ளது நடுவில் ஓட்டை விழுந்த சட்டம், குழிக்குள் நான்கு சுவர், ஒரு தரை. மொத்தம் 11. பதினாறில் இருபத்துநான்கைக் கழித்துப் பதினொன்றைக் கூட்டுங்கள். விடை 3.

கணக்கில் பிழை இல்லை. இன்னொரு படி இறக்கினால் உச்சி 24, விளிம்பு 36, முகம் 16, விடை 4. படிக்கொரு ஒன்று கூடிக்கொண்டே போகும். பாலாவித் தண்ணீரில் மிதக்கும் ஒவ்வொரு சில்லும் ஒயிலருக்கு மறுப்புச் சொல்கிறது.

அடுக்களையில் இதைவிடப் பெரிய மறுப்பு இருக்கிறது. கண்ணூறு கழிக்க உப்பையும் மிளகாயையும் அடுப்பில் போட்டால் உப்பு படபடவென்று வெடிப்பதைக் கேட்டிருப்பீர்கள். உப்புக்கல் விரைவாக வளரும்போது தன்னைச் சூழ்ந்த தண்ணீரில் சிறிது சிறிதாக உள்ளே அடைத்துக்கொள்கிறது. சூடு பட்டதும் அந்தத் தண்ணீர் ஆவியாகிக் கல்லைப் பிளக்கிறது. அந்தத் தண்ணீர் அடைபட்டிருக்கும் அறைகள் உருண்டையாக இருக்கும் என்று நினைப்போம். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அவையும் பெரும்பாலும் சதுரமுகிகள். சுற்றியிருக்கும் அடுக்கு எப்படியோ அப்படியே உள்ளறையின் சுவரும். ஆக, ஒரு சதுரமுகிக்குள் ஒரு வெற்றுச் சதுரமுகி. உச்சி 16, விளிம்பு 24, முகம் 12. விடை 4.

வரலாற்றில் இதே உதாரணம்தான் சண்டையைக் கிளப்பியது. ஜெனீவாவில் சிமோன் லுயில்லியே என்ற கணிதப் பேராசிரியர், நண்பர் ஒருவர் சேர்த்து வைத்திருந்த கனிமப் படிகங்களைப் பார்த்துவிட்டு, ஒயிலரின் விதி பொய்க்கும் இடங்களை 1812–13 இல் எழுதினார். கண்ணாடி போன்ற படிகத்துக்குள் மங்கலான இன்னொரு படிகம் சிறைப்பட்டிருந்தது அவர் கண்ணில் பட்டது. அதை அறியாமலே ஜெர்மனியின் யோஹான் ஹெசல் 1832 இல் அதே முடிவுக்கு வந்தார். அவர் கண்டது புளோரைட்டுப் படிகத்துக்குள் அடைபட்ட ஈயக் கனிமச் சதுரமுகிகளை. ஹெசல் சாதாரண ஆளல்ல. படிகங்களின் சமச்சீர் வகை 32 தான் என்று 1830 இலேயே நிறுவியவர். அறையில் இருந்து தாளில் வரைந்து கண்டவையல்ல இந்த மறுப்புகள். மண்ணிலிருந்து எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக் கண்டவை.

மூன்றாவது வகை மறுப்பு உப்புக் குவியலில் கை விட்டாலே கிடைக்கும். இரண்டு கல் ஒரே விளிம்பில் ஒட்டிக்கொண்டு வளர்ந்திருக்கும். உச்சி 14, விளிம்பு 23, முகம் 12, விடை 3. மூலையோடு மூலை மட்டும் தொட்டிருந்தால் 15, 24, 12, அதுவும் 3.

நான்காவது, சுவரில் தொங்கும் படச்சட்டம். நான்கு மூலையிலும் தச்சன் சாய்வாக அறுத்துப் பொருத்திய மரச்சட்டத்தை எண்ணுங்கள். உச்சி 16, விளிம்பு 32, முகம் 16. விடை 0. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மூலைப் பொருத்தின் கோடுகளை விட்டுவிட்டு, முன்பக்கம் முழுவதையும் ஒரே முகமாகவும் பின்பக்கத்தை ஒரே முகமாகவும் எண்ணினால் 16, 24, 10 வரும், விடை 2. எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் இரண்டு தவறுகள் ஒன்றை ஒன்று அடித்துவிட்டன. ஊடே போகும் துளை விடையை இரண்டு குறைத்தது. ஓட்டை விழுந்த இரண்டு முகங்கள் அதை இரண்டு கூட்டின. விடை சரியாக வந்துவிட்டதாலேயே எண்ணிய முறையும் சரி என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு நான் அறிந்த மிக நல்ல உதாரணம் இதுதான்.

இத்தனை மறுப்புகள் வந்த பிறகு என்ன செய்வது? ஒயிலரின் விதியைத் தூக்கி எறிவதா? கேணியையும் சட்டத்தையும் பன்முகிகளே அல்ல என்று விலக்குவதா? இரண்டும் நடந்தது. கெப்ளர் 1619 இல் வரைந்த விண்மீன் வடிவத் திண்மம் ஒன்று இருக்கிறது. ஒன்றை ஒன்று ஊடறுக்கும் பன்னிரண்டு ஐங்கோண விண்மீன்கள் அதன் முகங்கள். உச்சி 12, விளிம்பு 30, முகம் 12. விடை, கழித்தல் 6. பெரிய வடிவியலாளரான லுட்விக் ஷ்லேஃப்லி, விதிக்கு அடங்காத இதை உண்மையான பன்முகியாக ஏற்க மறுத்தார். விதியைக் காப்பாற்றச் சொல்லின் பொருளைச் சுருக்கிக்கொள்ளும் வேலை அது.

நல்ல வழி வேறு. விடை ஏன் மாறுகிறது என்று கேட்பதுதான் அது. கேணிக்குத் திரும்புங்கள். அதன் படிமுகத்தைப் பாருங்கள்: வெளியே ஒரு சதுர எல்லை, உள்ளே இன்னொரு சதுர எல்லை. ஒரு முகத்துக்கு இரண்டு எல்லை. இப்போது உள் மூலையிலிருந்து வெளி மூலைக்கு ஒரு கோடு கீறுங்கள். விளிம்பு ஒன்று கூடிற்று. சட்டம் வெட்டப்பட்டுவிட்டாலும் அது இன்னும் ஒரே துண்டுதான், முகம் கூடவில்லை. பதினாறில் இருபத்தைந்தைக் கழித்துப் பதினொன்றைக் கூட்டினால் 2. ஒவ்வொரு வளையப் படிக்கும் ஒரு கீறல். விடை மறுபடி இரண்டில் வந்து நிற்கும். ஆக, பிழை விதியில் இல்லை. 'முகம்' என்ற சொல்லை நாம் இறுக்கிக் கட்டாமல் விட்டதில் இருந்தது. முகம் என்றால் ஒரே எல்லையால் சூழப்பட்ட தட்டையான பல்கோணி என்று கட்டிவிட்டால், கேணி பன்முகியாகவும் இருக்கலாம், விதிக்கும் அடங்கலாம்.

ஒட்டிய இரட்டைக் கற்களுக்கு வழி சொன்னவர் கணிதவியலாளர் மோபியஸ். 1865 இல் அவர் வைத்த நிபந்தனைகள் இன்றும் நிற்கின்றன. எந்த விளிம்பிலும் இரண்டே இரண்டு முகங்கள் சந்திக்க வேண்டும். ஓர் உச்சியைச் சுற்றியுள்ள முகங்கள் கைகோத்து ஒரே வட்டமாக நிற்க வேண்டும். விளிம்பில் ஒட்டிய இரட்டைக் கல்லில் அந்த ஒரு விளிம்பில் நான்கு முகங்கள் சந்திக்கின்றன. மூலையில் ஒட்டியதில் ஓர் உச்சியைச் சுற்றி இரண்டு வட்டங்கள். ஆகவே அவை ஒரு பன்முகியல்ல, தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பன்முகிகள். அறை அடைபட்ட உப்புக்கல்லில் மேற்பரப்பே இரண்டு, வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. ஒவ்வொன்றையும் தனியே எண்ணினால் 2, சேர்த்தால் 4. படச்சட்டம் மட்டும் எல்லா நிபந்தனைகளுக்கும் உட்பட்டு நின்றுகொண்டு 0 என்றே சொல்கிறது. அதைத் தள்ளவில்லை. அந்தச் சுழியத்தைத் துளையின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஊடே போகும் துளை ஒவ்வொன்றும் விடையில் இரண்டைக் குறைக்கும். வடிவத்தைப் பிசைந்தாலும் இழுத்தாலும் மாறாதவற்றை ஆராயும் இடத்தியல் என்ற கணிதத் துறைக்கு அங்கே ஒரு கதவு திறந்தது.

இந்த வரலாற்றை இம்ரே லகடோஷ் என்ற ஹங்கேரியர் ஒரு வகுப்பறை உரையாடலாகவே எழுதினார். நூலாக அது 1976 இல், அவர் இறந்து இரண்டு ஆண்டின் பின் வந்தது. வரைவிலக்கணம் என்பது பாடத்தின் தொடக்கத்தில் வைக்கும் பொருளல்ல, நீண்ட வாதத்தின் முடிவில் கிடைக்கும் பொருள் என்பது அதைப் படித்தபின் என் மனதில் தங்கிய எண்ணம். நம் வகுப்பறையில் இது தலைகீழாக நடக்கிறது. முதல் வரியிலேயே வரைவிலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதி, மனப்பாடம் செய்யச் சொல்லி, கேள்வி பிறக்கும் முன்பே விடையைக் கொடுத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் படித்தேன். பன்முகி என்ற சொல் எனக்குப் பல ஆண்டுகள் பரீட்சைத் தாளில் மட்டும் இருந்தது.

இன்றைக்கும் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள் இல்லை. குழிவில்லாத திண்மங்களை மட்டும் ஆராய்பவருக்குப் பன்முகி என்றால் தட்டையான வெட்டுகளால் எல்லைப்பட்ட, எங்கும் புடைத்த ஒரு திண்மம். மேற்பரப்பை ஆராய்பவருக்கு அது பல்கோணிகளைத் தைத்து மூடிய ஒரு தோல். உள்ளே என்ன இருக்கிறது என்பது பொருட்டல்ல. விண்மீன் வடிவங்களை ஆராய்பவர் முகங்கள் ஒன்றை ஒன்று ஊடறுப்பதையும் அனுமதிப்பார். யூக்கிளிட் காலம் தொட்டே எழுதியவர்கள் பன்முகி எது என்பதைச் சொல்லாமலே பன்முகியைப் பற்றி எழுதி வந்தார்கள் என்று கணிதவியலாளர் பிராங்கோ குரூன்பவும் 1994 இல் குறைப்பட்டுக்கொண்டது நியாயமானது. பேசுபவர் எந்தப் பொருளில் சொல்கிறார் என்று முதலில் கேட்டுவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வண்ணாத்திவில்லிலும் கணிதம் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். திண்மங்கள் பாடம் வரும் கிழமையில் மட்டையில் வெட்டி ஒட்டிய சதுரமுகியோடு ஒரு பிடி கல்லுப்பையும் வகுப்புக்குக் கொண்டு போங்கள். ஒரு லீட்டர் வெந்நீரில் 350 கிராம் அளவுக்குக் கல்லுப்பைக் கரைத்து, துணியில் வடித்து, அகலமான தட்டில் ஊற்றி, காற்றும் தூசியும் படாத யன்னலோரத்தில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் மேலே சில்லுகள் மிதக்கும். தட்டை யாரும் அசைக்கக் கூடாது. ஒன்றை மெல்ல எடுத்து, கைவில்லையை மாணவரிடம் கொடுத்து, உச்சியையும் விளிம்பையும் முகத்தையும் எண்ணச் சொல்லுங்கள். படியின் உள்ளேயும் வெளியேயும் எத்தனை வளைய முகம் இருக்கிறதோ, அத்தனையை இரண்டோடு கூட்டினால் வருவதுதான் விடை. வரைவிலக்கணத்தை அதற்குப் பிறகு எழுதுங்கள்.